தர்ஜினிக்கு வந்தாறுமூலையில் என்ன வைப்பது: சிலையா, ஆடுகளமா?

வாவிக்கரை | மே 3, இரவு 9.40

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவர்களுக்குள் உலக அரங்கில் பெயர் நின்ற விளையாட்டுக்காரர் யார் என்றால் முதலில் வாயில் வருவது தர்ஜினி சிவலிங்கம்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பட்டம் வந்தாறுமூலையில். உயரம் 2.08 மீற்றர். 2011 உலக வலைப்பந்துச் சம்பியன்ஷிப்பில் சிறந்த எய்பவர். இலங்கை ஆசியக் கிண்ணத்தைத் தூக்கிய 2009, 2018, 2022 மூன்றிலும் அணியில் இருந்தவர்.

என் கட்சி இதுதான்: பிரதான வாசலுக்கு உள்ளே வெண்கலச் சிலை, ஆறடிப் பீடம், மூன்று மொழியில் கல்வெட்டு. மறுக்கிறவர்கள் சும்மா "வேண்டாம்" என்று போட்டுவிட்டுப் போகாமல் ஏன், எவ்வளவு, எப்படி என்று எழுதுங்கள்.

கோல்வட்டம் | மே 3, இரவு 10.15

ஆறடிப் பீடத்தில் ஏற்றினால் ஐந்தடி ஆளும் தர்ஜினியும் ஒன்றுதான். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அவவின் விசேஷமே அந்த அளவு. வலைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர். 1.60 மீற்றர் பிள்ளை கம்பத்தடியில் நின்றால் தலைக்கு மேல் 1.45 மீற்றர் வெறும் காற்று. தர்ஜினி நின்றால் 97 சென்ரிமீற்றர். இந்த இரண்டு இலக்கத்தையும் கண்ணுக்குக் காட்டினால் மரியாதை தானாக வரும். சிலைதான் வேண்டும் என்றால் பீடம் இல்லாமல், தரையோடு, ஆளின் சரியான உயரத்துக்கு.

சல்லிக்கல் | மே 4, காலை 6.05

எதில் செய்யப் போறீங்கள் என்பதைப் பொறுத்துத்தான் மிச்சக் கதை எல்லாம்.

வெண்கலம் என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் கன்மெற்றல்: செம்பு 85, வெள்ளீயம் 5, ஈயம் 5, நாகம் (துத்தநாகம்) 5. ஆளுயரச் சிலை உள்ளே பொள்ளல், சுவர் 5 முதல் 6 மி.மீ. தடிப்பம். அப்படியும் எடை 150 கிலோவுக்குக் குறையாது. உள்ளே நிறுத்துகிற எலும்புக்கூட்டைச் சாதாரண இரும்பில் செய்தால் அங்கேதான் வினை. செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் இரும்பு முந்தி அழியும், துருநீர் கால் வழியாக வடிந்து பாதத்தைச் சிவப்பாக்கும். உள்ளே 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு போட வேண்டும். இரண்டு பாதத்திலும் 10 மி.மீ. ஓட்டை விட வேண்டும், மாரித் தண்ணி இறங்க.

ஃபைபர் கிளாஸ் மலிவு. எங்கட வெயிலுக்கு மேற்பூச்சு வெளிறி மாவாக உதிரும், மறுகா நார் வெளியே தெரியும். அது தற்காலிக அலங்காரத்துக்குச் சரி, அவ்வளவுதான்.

சீமெந்துச் சிலைதான் இங்க வழமை. வலைப்பந்துக்கு அது ஆகவே ஆகாது. உப்புக் காற்றுக்குக் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கொங்கிரீட் மூடியிருக்க வேண்டும். விரலின் முழுத் தடிப்பமே 20 மி.மீ.தான். பந்து எறிகிற நிலையில் பத்து விரலும் வானத்தில். உள்ளே 6 மி.மீ. கம்பி துருப்பிடித்து ஊதும், முதலில் சுண்டுவிரல் விழும்.

வாவிக்கரை | மே 4, காலை 7.30

அப்ப கையைக் கீழே விட்டுப் பந்தை இடுப்பில் வைத்த மாதிரிச் செய்யலாமே அண்ணன்.

கோல்வட்டம் | மே 4, காலை 7.42

கோல் ஷூட்டர் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் மூன்று செக்கனில் விசில். வலைப்பந்தில் பந்தை அதற்கு மேல் வைத்திருக்க ஏலாது. சிலையைப் பார்த்து நடுவர் ஊதுகிற நிலைமை வேண்டாம்.

ஒலுவில் காற்று | மே 4, மதியம் 1.10

எங்கட பக்கம், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், உருவச் சிலை என்ற பேச்சே மேசைக்கு வராது, காரணம் இஸ்லாமிய மார்க்கம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் நட்டம் ஒன்றுமில்லை. உருவம் இல்லாமல் ஆளைச் சொல்லச் சிறந்த வழி அளவுதான், கோல்வட்டம் அக்கா சொன்னது சரி.

ஹெல்சின்கி ஒலிம்பிக் மைதானத்துக் கோபுரத்தின் உயரம் 72.71 மீற்றர். 1932 லொஸ் ஏஞ்சலிஸில் மத்தி யார்வினென் ஈட்டி எறிந்து தங்கம் எடுத்த தூரம் அது. கோபுரத்தில் அவருடைய முகம் இல்லை. கோபுரமே அவருடைய எறிதான், நட்டுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1952-ல் எங்கட எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்ததும் அந்த மைதானத்தில்தான்.

வந்தாறுமூலைக்கும் அதே வழி. 3.05 மீற்றர்த் தூண், 2.08-ல் ஒரு வெட்டு. பிள்ளைகள் போய் முதுகை ஒட்டி நின்று பார்ப்பார்கள். ஒருவரையும் கூப்பிட வேண்டியதில்லை.

வாவிக்கரை | மே 4, இரவு 8.55

தூண் யோசனை பிடித்திருக்கு. ஆனால் சிலை என்றால் பார்த்துவிட்டுப் போகிற சாமான் என்று முடிவு கட்ட வேண்டாம். கலிபோர்னியாவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2005-ல் தன் மாணவர்கள் டொமி ஸ்மித், ஜோன் கார்லோஸ் இருவருக்கும் சிலை வைத்தது, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் மேடையில் முட்டி உயர்த்தி நின்ற கோலத்தில். இரண்டாம் இடத்தில் நின்ற அவுஸ்திரேலியர் பீற்றர் நோர்மனுடைய படியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள், அவர் கேட்டுக்கொண்டபடியே. வருகிறவர்கள் அந்தப் படியில் ஏறி நிற்கலாம். சிலையில் ஆளுக்கு இடம் விட்டது பெரிய புத்தி.

பழைய தாள் | மே 5, காலை 10.20

சிலையோ தூணோ, முகம் வைப்பதில் உள்ள ஆபத்தை ஒருவரும் சொல்லவில்லை. 2017-ல் மதெய்ரா விமான நிலையத்தில் வைத்த ரொனால்டோ தலையை நினைத்துப் பாருங்கள். உலகமே சிரித்து, அடுத்த வருடம் வேறு தலை மாற்றினார்கள். கௌரவம் பெறுகிறவர் உயிரோடு இருக்கும்போது களிமண் மாதிரி நிலையிலேயே அவரிடம் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வார்த்த பிறகு காட்டினால் அவருக்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கல்வெட்டு வாசகத்துக்கும் அதே சம்மதம் வேண்டும். உயரத்தைப் போடுவது அவவுக்கு விருப்பமா என்று முதலில் கேட்க வேண்டும். நாம் 2.08, 2.08 என்று குதிக்கிறோம். உடம்பு அவவுடையது.

கோல்வட்டம் | மே 5, காலை 10.50

கடைசி வரி முக்கியம். அவ வேண்டாம் என்றால் தூணில் வெட்டு இல்லை. அப்படியானால் எறிகிற புள்ளிகளைக் காட்டலாம். கோல் வட்டம் 4.9 மீற்றர் ஆரை, அதற்குள் இருந்துதான் எறிய ஏலும். வளையத்தடியிலிருந்து 1 மீற்றர், 2.5 மீற்றர், 4.9 மீற்றர் என்று மூன்று வில். பயிற்சிக்கும் உதவும், பெயருக்கும் பொருந்தும். அந்த வில்லுகளை ஆட்டம் நடக்கிற ஆடுகளத்தில் கீறக் கூடாது, விதிப்படி உள்ள கோடுகளோடு குழம்பும். பக்கத்தில் ஒற்றைக் கம்பம் நட்டு ஒரு எறிமேடை தனியாக.

ஆடுகளமே இல்லாமல் கம்பம் மட்டும் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. முதல் வேலை ஒழுங்கான கோர்ட். 30.5க்கு 15.25 மீற்றர், சுற்றிவர 3.05 மீற்றர் வெளி. மொத்தம் 36.6க்கு 21.35. கோடு 50 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது. நீளப்பாடு வடக்குத் தெற்காக. கிழக்கு மேற்காகப் போட்டால் பின்னேர ஆட்டத்தில் ஒரு பக்கத்து ஷூட்டருக்கு வெயில் நேரே கண்ணில். வளையம் 380 மி.மீ. விட்டம், கம்பத்திலிருந்து 150 மி.மீ. முன்னுக்கு நீட்டி. கூடைப்பந்து வளையத்தைக் கழற்றிப் பூட்டுகிற வேலை வேண்டாம், அது 450 மி.மீ.

சல்லிக்கல் | மே 5, இரவு 7.15

அக்காவின் கணக்கை வைத்துப் பார்த்தேன். 36.6 x 21.35 என்றால் 781 சதுர மீற்றர். 100 மி.மீ. கொங்கிரீட் போட்டால் 78 கன மீற்றர், எங்கட பேச்சில் ஏறக்குறைய இருபத்தேழரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). கலவை லொறி ஒன்று 6 கன மீற்றர் கொண்டுவந்தால் 13 லொறி.

ஒரே நாளில் முழுதையும் ஊத்த நிற்க வேண்டாம். 4.27 மீற்றர் அகலத்தில் ஐந்து பட்டி. ஒன்று, மூன்று, ஐந்து முதலில், இரண்டும் நாலும் பிறகு. நீளப்பாட்டில் 4.575 மீற்றருக்கு ஒரு வெட்டு, ஆகமொத்தம் 40 கட்டம். வெட்டு 25 மி.மீ. ஆழம், ஊத்தின 24 மணித்தியாலத்துக்குள். பிந்தினால் கொங்கிரீட் தானே தனக்கு விருப்பமான இடத்தில் வெடிக்கும். அது எப்பவும் கோல் வட்டத்துக்கு நடுவால்தான் போகும், என்ன சாபமோ தெரியாது.

சாய்வு நூற்றுக்கு ஒன்று, ஒரே பக்கம். குறுக்குப்பாட்டில் சாய்த்தால் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் 21 செ.மீ. வித்தியாசம். நடுவில் உயர்த்தி இரண்டு பக்கம் சாய்க்கிற ரோட்டுப் பழக்கம் இங்க வேண்டாம், நடு முதுகில் பந்து குதிக்கிற கோணம் மாறும். தாழ்ந்த கரையில் கான் (வடிகால்) கட்டாயம். வடகீழ்ப் பருவ மழை நவம்பர் தொடங்கி ஜனவரி வரை அடிக்கிற மாவட்டம் இது. ஆகஸ்டுக்குள் ஊத்தி, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு, 28 நாள் கழித்துத்தான் அக்ரிலிக் பூச்சு. ஈரம் உள்ளே இருக்கப் பூசினால் கொப்புளம் போடும்.

மணல் ஆற்று மணல். தண்ணி எந்தக் கிணற்றிலிருந்து என்பதைக் கேட்டுத்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். வாவிப் பக்கத்துக் கிணறு பலது சவர், உப்புத் தண்ணி. கம்பி இல்லாத தளத்துக்கு அது பெரிய ஆபத்து இல்லை, தூணுக்கும் கம்ப அத்திவாரத்துக்கும் ஆகாது.

ஒலுவில் காற்று | மே 6, காலை 5.50

தூணை எப்படிப் போடுவது என்று சல்லிக்கல் காக்கா சொல்லவில்லை. கோல் கம்பத்திலேயே 2.08-ல் ஒரு உருக்கு வளையம் ஒட்ட வேண்டும் என்று ஆராவது வருவார்கள், அதற்கு முந்திக் கேட்கிறன்.

சல்லிக்கல் | மே 6, காலை 6.20

கம்பத்தில் ஒன்றும் ஒட்ட வேண்டாம். கம்பம் நாகம் பூசிய குழாய், அதில் துருப்பிடிக்காத உருக்குப் பட்டி இறுக்கினால் உப்பு ஈரத்தில் நாகப் பூச்சு பட்டிக்கு அடியிலேயே கரைந்து குழாய் துருப்பிடிக்கும். கிரைண்டரால் கீறினாலும் அதேதான், பூச்சு போன இடம் வாசல். போதாததுக்குக் கம்பத்தைச் சுற்றி மெத்தை கட்டினால் ஒட்டினது கண்ணிலும் படாது.

தூணைத் தனியாக, 3.05 மீற்றர் வெளிக்கும் அப்பால் போடுங்கள். 200 மி.மீ. சதுரம், நாலு மூலையிலும் 12 மி.மீ. கம்பி, 6 மி.மீ. வளையக் கம்பி 150 மி.மீ.க்கு ஒன்று, மூடல் 50 மி.மீ. அத்திவாரம் 600க்கு 600, ஆழமும் 600. 2.08 அடையாளத்தைப் பெயின்ரில் போடாதீர்கள். வார்க்கும்போதே பலகையில் 20 மி.மீ. முக்கோணச் சட்டம் அடித்துப் பள்ளமாக எடுங்கள். விரல் போய்த் தடவக்கூடிய பள்ளம். அளவைக் கட்டின தரையிலிருந்து எடுக்க வேண்டும், மண்ணிலிருந்து இல்லை. பிறகு புல்லுக் கல் பதித்து 60 மி.மீ. உயர்த்தினால் தர்ஜினி 2.02 ஆகிப் போவா.

வாவிக்கரை | மே 6, இரவு 9.05

சரி, சிலைக் கட்சியிலிருந்து பாதி இறங்கியாயிற்று. ஆனால் ஒரு கேள்வி. வாசலில் வைத்தால் எல்லாரும் காண்பார்கள். கோர்ட் பக்கம் ஆர் போவார்?

பழைய தாள் | மே 6, இரவு 9.30

வாசலை விடுங்கள். அந்த வளாகம் 1981-ல் கல்லூரியாகத் தொடங்கி 1986-ல் பல்கலைக்கழகமான இடம் மட்டும் இல்லை, 1990 செப்டம்பர் 5-ம் அங்கேதான் நடந்தது. அகதியாகத் தங்கியிருந்தவர்களுக்குள் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. வாசலும் முன்றலும் அந்த நினைவுக்குரிய இடம். விளையாட்டுக் கொண்டாட்டத்தை அதோடு கலக்கக் கூடாது.

மற்றது, பெயர் நிலைப்பது கண்ணில் படுவதால் இல்லை, வாயில் வருவதால். மட்டக்களப்பில் "வெபரில் மேட்ச்" என்று சொல்லாத பொடியன் உண்டா? புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கிய அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளின் பெயரில் உள்ள மைதானம் அது. அவருடைய படம் காணாதவர்களும் நாளுக்கு நாலு தரம் அவர் பெயரைச் சொல்கிறார்கள், பின்னேரம் எங்க நிற்கிறாய் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருப்பதால். அதனால்தான் புதிதாகக் கட்டுகிறதுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஏற்கனவே பெயர் உள்ளதை மாற்றினால் பலகையில் ஒன்று, வாயில் ஒன்று. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்துக்கு நாளைக்கு எந்தப் பெரிய மனிதர் பெயரை வைத்தாலும் அது சந்தாங்கேணிதான்.

பெயர் குறுகலாகவும் இருக்க வேண்டும். "தர்ஜினி கோர்ட்" நிற்கும். "கலாநிதி", "தேசமான்ய", "ஞாபகார்த்த", "பல்நோக்கு" எல்லாம் சேர்த்தால் பிள்ளைகள் "பின் கோர்ட்" என்றுதான் சொல்லுவார்கள்.

ஒலுவில் காற்று | மே 6, இரவு 10.00

உயிரோடு இருக்கிறவருக்கு "ஞாபகார்த்த" வேறு போட்டால் அவ வந்து கேட்பா.

எழுத்துவெட்டு | மே 8, பின்னேரம் 4.30

கல்வெட்டு என்று முதல் பதிவிலேயே வந்தது, பிறகு ஒருவரும் தொடவில்லை. கறுப்புக் கருங்கல், 600க்கு 900, 20 மி.மீ. தடிப்பம்: எடை 29 கிலோ. இதைப் பெயின்ற் அடித்த சுவரில் ஓட்டுப் பசையால் ஒட்டுகிறார்கள். பசை கல்லைப் பிடிக்கும், பெயின்ரையும் பிடிக்கும், பெயின்ற் சுவரைப் பிடிக்காது. ஒரு மாரி போகக் கல் கீழே. பெயின்ரைக் கொத்தி எடுத்து, பசையோடு நாலு மூலையிலும் 316 தர முளை. சுற்றுக்கு சிலிக்கோன் அடிப்பதென்றால் புளிப்பு மணம் வராத வகை, மற்றது கல்லின் கரையைக் கறைப்படுத்தும்.

பித்தளைத் தகடு வேண்டாம். பழைய இரும்புக்காரன் எடை போடுகிற எதையும் பல்கலைக்கழகப் பின்பக்கத்தில் வைக்கக் கூடாது.

எழுத்துக்கு வருவோம். தமிழ் 15 மி.மீ.க்குக் கீழே போனால் ணு, ணை, ஞ எல்லாம் சுழியடைத்துக் குட்டையாகும், தூசி நிரம்பினால் வாசிக்கவே ஏலாது. மூன்று மொழியையும் ஒரே உயரத்தில் போட்டால் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் நெருக்கமாகவும் தெரியும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் வரி இடைவெளி எழுத்துயரத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல். வாசகம் தமிழில் 25 சொல்லைத் தாண்டக் கூடாது.

பிழை வருவது வெட்டுகிற இடத்தில் இல்லை. கந்தோரில் யூனிகோடில் அடித்து அனுப்புவார்கள், கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், கொம்பு இடம் மாறும், "ஜி" காணாமல் போகும். வாசகத்தை எழுத்துருவாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக்கிய பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கடைக்காரர் தரும் ஒப்புப் படியை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். உபவேந்தர் பெயரை மட்டும் பத்துத் தரம் பார்த்துவிட்டு வீராங்கனை பெயரைப் பிழையாக விட்ட கல்லுகளும் ஊரில் உண்டு.

கோல்வட்டம் | மே 8, பின்னேரம் 5.10

திறந்து வைத்தவர் பெயர் வீராங்கனை பெயரை விடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி எழுதுங்கள் தம்பி.

எழுத்துவெட்டு | மே 8, பின்னேரம் 5.25

அக்கா, அந்த விதியை எழுதினால் கல்லுக்கு ஓடர் வராது.

பழைய தாள் | மே 9, காலை 9.00

வாசகத்தில் பதக்கத்தையும் இடத்தையும் வெட்டுவது பற்றி ஒன்று. சுசந்திகா 2000 சிட்னியில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார், வெண்கலம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு 2007-ல் பதக்கம் பறிபோனது. 2009-ல்தான் சுசந்திகாவுக்கு வெள்ளி என்று முடிவானது. 2001-ல் "வெண்கலம்" என்று கல்லில் வெட்டியிருந்தால் எட்டு வருடத்துக்குப் பிறகு கல் பொய் சொல்லும். ஆகவே நிலையான கல்லில் பெயர், விளையாட்டு, படித்த ஆண்டுகள் மட்டும். சாதனைப் பட்டியல் தனித் தகட்டில், கழற்றிப் பூட்டக்கூடியதாக.

ஆள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாலும் அதே வழிதான் தோது. வருடத்துக்கு ஒரு வரி கூடும்.

கியூஆர் கட்டம் வைக்கிறவர்கள் அதையும் அந்தத் தகட்டிலேயே வைக்கட்டும். கறுப்புக் கல்லில் வெள்ளையாக வெட்டினால் நிறம் தலைகீழாகி சில போன்கள் வாசிக்காது. வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கட்டம், 40 செ.மீ. தள்ளி நின்று பிடிக்க 4 செ.மீ. அகலம். போய்ச் சேர்கிற பக்கம் பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே இருக்க வேண்டும். ஆரோ ஒரு மாணவர் திறந்த இலவசப் பக்கம் அவர் பட்டம் எடுத்துப் போனதோடு படுத்துவிடும்.

வாவிக்கரை | மே 9, இரவு 8.20

ஒருவருக்கு மட்டும் செய்துவிட்டு மற்றவர்களை விட்டால் அடுத்த வருடமே பிரச்சினை. கபடி, எல்லே, கராத்தே எல்லாம் இருக்கு. ஆருக்கு, ஆர் தீர்மானிப்பது? எதிர்வீரசிங்கத்துக்கும் 2.03 மீற்றரில் ஒரு குறுக்குத் தடி வைக்கலாமே, 1958 டோக்கியோ, ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கம்.

ஒலுவில் காற்று | மே 9, இரவு 9.15

எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் கலிபோர்னியா யூசிஎல்ஏயும். அங்கே வைக்கட்டும். தன்னிடம் படிக்காதவரைத் தன் வீரராகக் காட்டினால் அது கௌரவமில்லை, கடன். யூசிஎல்ஏ 2014-ல் ஜாக்கி ரொபின்சனுக்காக 42 என்ற இலக்கத்தை எல்லா விளையாட்டிலும் ஓய்வு கொடுத்தது. அவர் அங்கே படித்த காலத்தில் போட்ட இலக்கம் 42 இல்லை, அது பிறகு பேஸ்போலில் வந்தது. ஆனாலும் ஆள் அவர்களுடைய மாணவர், நாலு விளையாட்டில் ஆடியவர், ஆகவே ஒருவரும் கேட்கவில்லை.

தகுதி விதி ஒரு பக்கத்துக்குள் எழுதலாம். உள்வாரி, வெளிவாரி இரண்டும் சேர்த்தி, அதை இப்பவே எழுதி வைக்காவிட்டால் பிறகு அதுதான் முதல் சண்டை. தேசிய அணியில் ஆடியிருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் சாதனை நிலைநாட்டியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தை விட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், சர்வதேசப் பதக்கக்காரருக்கு மட்டும் அந்த விதி தளர்வு. பழக்கியவர்களுக்கும் மைதானம் பராமரித்தவர்களுக்கும் தனி வகை. வருடத்துக்கு நாலு பேருக்கு மேல் இல்லை. உடற்கல்விப் பிரிவு பெயரைக் கொடுக்கும், வெளியாள் ஒருவராவது உள்ள குழு பார்க்கும், பேரவை ஒப்புதல் கொடுக்கும். இடத்துக்குப் பெயர் வைப்பது பேரவை முடிவில்லாமல் செய்தால் அடுத்த உபவேந்தர் காலத்தில் பலகை கழரும்.

கோல்வட்டம் | மே 9, இரவு 9.40

இலக்கம் ஓய்வு கொடுக்கிற யோசனை வலைப்பந்துக்குச் சரிவராது, முந்திக்கொண்டு சொல்கிறேன். நெஞ்சில் இருப்பது இலக்கம் இல்லை, நிற்கிற இடம். ஜீ.எஸ். சட்டையை ஓய்வு கொடுத்தால் கோல் ஷூட்டர் இல்லாமல் ஆறு பேரோடு இறங்க வேண்டும். வட்டத்துக்குள் எறிய ஏலுமானது ஜீ.எஸ்., ஜீ.ஏ. (கோல் அற்றாக்) இரண்டு பேருக்கும்தான். எதிரணி மட்டும் பாராட்டும்.

எழுத்துவெட்டு | மே 10, காலை 11.00

நாலு பேர் என்றால் பெயர்ப்பலகைக் கணக்கும் பார்க்கலாம். எட்டடிக்கு நாலடிப் பலகை, படுக்கையாக. மேலே தலைப்புக்கு 200 மி.மீ., கரைக்கு மேலும் கீழும் 60, மிச்சம் 900. எழுத்து 25 மி.மீ., வரிக்கு 45. இருபது வரி, மூன்று நிரை, 60 பெயர், 15 வருடம். முதல் வருடமே பழைய ஆட்கள் முப்பது பேரை ஒன்றாக ஏற்றினால் பாதிப் பலகை போச்சு. தொடக்கத்திலேயே இரண்டாவது பலகைக்குச் சுவரில் இடம் விடுங்கள்.

பலகை தேக்கு, சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளிப் பூட்டுங்கள், பின்னால் காற்றுப் போகவும் கறையான் மண் ஏறினால் கண்ணில் படவும். பொன் நிறம் என்று தகரப் பேணியில் வருவது பித்தளைத் தூள், இரண்டு மூன்று வருடத்தில் கறுக்கும். தங்க இலை விலைதான், ஆனால் நிறம் மாறாது.

பழைய தாள் | மே 11, காலை 8.40

பெயர் ஏற்ற ஆதாரம் எங்கே? பழைய புள்ளித் தாள்கள், அணிப் படங்கள், பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் பீரோவின் அடித்தட்டில், பொலித்தீன் பையில். பொலித்தீன் ஈரத்தைப் பூட்டி வைத்துப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். காகித உறைக்கு மாற்றுங்கள். லமினேட் பண்ணாதேங்கோ, சூட்டில் பழைய படத்தின் மேற்படலம் உருகும், பிறகு பிரிக்கவும் ஏலாது. தாளை 300, படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணி மூன்று இடத்தில் வைக்க வேண்டும், அதில் ஒன்று வந்தாறுமூலைக்கு வெளியே. 1978 நவம்பர்ச் சூறாவளி இந்த மாவட்டத்தில் எத்தனை கந்தோர் அலுமாரியைத் தூக்கிப் போட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

படத்தில் நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக இப்பவே எழுதுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் மட்டும், பேனை மை முன்பக்கம் ஊறும்.

ஒலுவில் காற்று | மே 11, இரவு 7.50

பழக்கியவர்களுக்குத் தனி வகை என்றேன், அதில் ஒரு சிக்கல். வெபர் அடிகள் போலவே இந்தக் கிழக்கில் கூடைப்பந்து பழக்கியவர் ஹீபேர்ட் அடிகள். 1990 ஆகஸ்ட் 15-ல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனவர். அப்படியானவருக்குப் பலகை எழுதும்போது பிறப்புக்குப் பக்கத்தில் கோடு போட்டு இறப்பு ஆண்டு போடுகிற வழமை இடிக்கும். ஆண்டுகளே போடாமல், பணி செய்த காலத்தை மட்டும் போடுவது எல்லாருக்கும் பொது விதியாக இருக்கட்டும்.

சல்லிக்கல் | மே 12, காலை 6.10

காசு பற்றிக் கதைக்காமல் முடிக்க வேண்டாம். கட்டத் திரட்டுவது லேசு, திறப்பு விழாப் படம் இருக்கு. மூன்றாம் வருடம் வளையத்துக்கு வலை வாங்க ஆள் இல்லை. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஐந்தை வருடாந்தப் பராமரிப்புக்கென்று ஆரம்பத்திலேயே நிதியாளரிடம் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பழைய மாணவர் பத்து இலட்சம் சேர்த்து நிலையான வைப்பில் போட்டு, வட்டி எட்டு வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 80,000 ரூபாய். அதில் 20,000-ஐத் திரும்ப முதலோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விலைவாசி முதலைத் தின்றுவிடும். மிச்சம் 60,000-க்குள் வலை, கோடு, ஐந்தாம் இலக்கப் பந்து ஐந்தாறு, தூணைக் கழுவ ஒரு நாள் கூலி.

வாவிக்கரை | மே 12, இரவு 9.30

சிலை இல்லை. கோர்ட், தூண், சின்னக் கல், மாற்றுகிற தகடு. அவவின் சம்மதம் முதல். இப்படியே உடற்கல்விப் பிரிவுக்குக் கடிதமாக எழுதுகிறேன். வேலி போடுவதா?

கோல்வட்டம் | மே 12, இரவு 9.45

மாடு வருகிற பக்கம் மட்டும். நாலு பக்கமும் அடைத்துப் பூட்டினால் திறப்பு ஒருவரின் சட்டைப் பைக்குள் போகும், அவர் லீவு என்றால் ஆட்டம் இல்லை.

சல்லிக்கல் | மே 12, இரவு 9.58

படலை வைத்தால் இரண்டு திறப்பு: ஒன்று உடற்கல்விப் பிரிவில், ஒன்று காவலாளியிடம். பூட்டு பித்தளை. இரும்புப் பூட்டு ஒரு மாரியில் இறுகும், பிறகு அதை வெட்டக் கிரைண்டர் தேடி ஏறாவூர் போக வேண்டும்.